ஜாங் ஷிச்சுவான்: வியாபாரியா, இயக்குநரா? (சீன ஆரம்பகாலச் சினிமா இழை)

நிழற்பெட்டி:
சீன மௌனப்படம் என்றாலே பேச்சு நேராக 1930களுக்கும் நடிகை ருவான் லிங்யூவுக்கும் போய்விடுகிறது. அதற்கு இருபது வருஷம் முன்பே ஷாங்காயில் படம் எடுத்த ஜாங் ஷிச்சுவானைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அதற்காகத்தான் இந்த இழை.

1890-ல் ஜெஜியாங் மாகாணத்து நிங்போ பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, ஷாங்காயில் தாய்மாமன் ஜிங் ருன்சானிடம் வந்து சேர்ந்தார். மாமனுக்கு நில விற்பனை, கேளிக்கை அரங்கம் என்று பல தொழில். மருமகன் கற்றதும் அதுதான்: கூட்டம் எதற்குக் காசு கொடுக்கும், எதற்குக் கொடுக்காது. 1913-ல் முதல் படம். 1922-ல் மிங்ஷிங் கம்பெனியைத் தொடங்கிய ஐவரில் ஒருவர். 1928-ல் சிவப்புத் தாமரைக் கோயில் தொடர், 1931-ல் சீனாவின் முதல் பேசும்படம். 1937 போரில் கம்பெனி போனது, 1950களில் ஆளும் போனார்.

வரலாற்றுப் புத்தகங்களில் நல்ல பெயரெல்லாம் கூட்டாளி ஜெங் ஜெங்ச்சியுவுக்கும், பிறகு வந்த இடதுசாரி எழுத்தாளர்களுக்கும். இவருக்கு மிஞ்சியது ‘வியாபாரி’ பட்டம். என் கட்சி வேறு. சீனாவில் படமெடுப்பதில் முளைத்த நடைமுறைச் சிக்கல்களில் பாதி முதலில் இவர் தலையில்தான் விழுந்தது. அதையெல்லாம் எப்படிச் சமாளித்தார் என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

பழையரீல்:
நல்ல தொடக்கம் சார். 1913-ஐக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெஞ்சமின் பிராட்ஸ்கி தொடங்கிய ஆசியா கம்பெனி கைமாறியபின், புது நிர்வாகிகளுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். ஜாங் அதுவரை பார்த்திருந்த படங்களே கொஞ்சம்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டார். நாடக விமர்சகர் ஜெங் ஜெங்ச்சியுவைச் சேர்த்துக்கொண்டு ஷின்மின் என்று ஒரு கம்பெனி போட்டார்கள். ஒப்பந்தம் சுலபமானது: முதலீடு, கேமரா, ஃபிலிம் எல்லாம் ஆசியா பொறுப்பு, கதை, நடிகர்கள், இயக்கம் ஷின்மின் பொறுப்பு. அப்படி வந்த படம்தான் ‘கஷ்டப்பட்ட தம்பதி’. ஜெங்கின் பூர்வீகமான சாவ்ஜோ பக்கத்துக் கல்யாண வழக்கங்களைக் கிண்டல் செய்யும் கதை. தரகர் பேச்சில் தொடங்கி, முன்பின் பார்த்திராத இருவரை மணவறைக்குள் தள்ளுவதுவரை போகும்.

வேலைப் பிரிவினையும் எளிது. நடிப்பு ஜெங் கையில், கேமரா ஜாங் கையில். எப்படி எடுத்தார்கள் என்று 1935-ல் ஜாங்கே எழுதியிருக்கிறார். கேமராவை ஓரிடத்தில் நிறுத்துவது, நடிகர்களை முன்னால் விட்டு நடிக்கச் சொல்வது, பெட்டியிலுள்ள 200 அடி ஃபிலிம் தீரும்வரை சுற்றிக்கொண்டே இருப்பது. கேமரா அசையாது, முழுக்க ஒரே தூரக் காட்சி.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். கையால் சுற்றிய காலத்து வேகம் வினாடிக்குச் சுமார் 16 ஃபிரேம். ஆக வினாடிக்கு ஒரு அடி, 200 அடி என்றால் 3 நிமிஷம் 20 வினாடி. கோபத்தில் கை ஓங்கிய நிலையில் ஃபிலிம் தீர்ந்தால்? அடுத்த பெட்டி மாட்டும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து அதே செய்கையைத் தொடர வேண்டியதுதான். காட்சியை எங்கே வெட்டுவது என்று இயக்குநர் முடிவு செய்யவில்லை, பெட்டி முடிவு செய்தது.

மலர்விழி_கே:
பெண் வேஷமெல்லாம் யார் போட்டது?

பழையரீல்:
அந்தப் படத்தில் எல்லாரும் ஆண்கள்தான் அம்மா. நடித்தவர்கள் வென்மிங்ஷி என்ற புதுபாணி நாடகக்காரர்கள். அங்கே பெண் வேஷம் ஆண்களுடையது. அதே 1913-ல் ஹாங்காங்கில் லாய் மன்-வாய் எடுத்த படத்தில் அவர் மனைவி யான் ஷான்ஷான் வேலைக்காரியாக வந்தார். கதாநாயகி வேஷத்தையோ லாயே போட்டுக்கொண்டார்!

முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஃபிலிம் நின்றது, ஆசியா கம்பெனியும் படுத்துவிட்டது. ஜாங் 1916-ல் மறுபடி முயன்று, அபின் பழக்கத்தால் அழியும் ஒரு குடும்பத்தின் கதையை எடுத்தார். அந்தக் கம்பெனியும் நிலைக்கவில்லை.

கொட்டகைக்காரன்:
நிழற்பெட்டி அண்ணே, ‘வியாபாரி’ங்கிற பேரு சும்மா வரலை. 1921-22ல ஷாங்காய்ல பங்குச்சந்தை மோகம் தலைக்கேறி, தெருவுக்குத் தெரு எக்ஸ்சேஞ்ச் தொறந்தாங்க. ஜாங்கும் டாடோங்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. கொஞ்ச நாள்லயே சந்தை மொத்தமா கவுந்துடுச்சு. மிச்சமிருந்த பணத்தையும் குய்ஜோ ரோட்டு இடத்தையும் வெச்சு, போர்டை மாத்தி மாட்டுனதுதான் மிங்ஷிங். கலை தாகமெல்லாம் ஒண்ணுமில்ல, கைல இருந்த முதலை எதுலயாவது போடணும், அவ்வளவுதான்.

கூட்டாளிங்க ஜெங் ஜெங்ச்சியு, ஜோ ஜியான்யுன், ஜெங் ஜெகு, ரென் ஜின்பிங். படம்னா ஜனங்களுக்கு நல்லது சொல்லணும்னாரு ஜெங். முதல்ல ஜனங்களுக்குப் பிடிக்கணும், கொள்கையைப் பிறகு பாத்துக்கலாம்னாரு ஜாங். எழுத்துலயே சொன்னவரு. ஆரம்பத்துல ஜாங் பேச்சுதான் எடுபட்டுச்சு. ஷாங்காய்ல இருந்த ஒரு வெள்ளைக்காரருக்குச் சாப்ளின் வேஷம் போட்டு ஒரு படம், அப்புறம் இன்னும் ரெண்டு குட்டிச் சிரிப்புப் படம். கல்லா நிறையலை. அடுத்து, அப்பனையே கொன்ன மகனோட கொலைக்கேஸை ‘ஜாங் ஷின்ஷெங்’னு எடுத்தாங்க. கோரம் தாங்கலைன்னு திட்டு வாங்குச்சு. கம்பெனி மூச்சுத் திணறுன நேரத்துலதான் 1923 கடைசியில ஜெங் எழுதின ‘அநாதைப் பேரன் தாத்தாவைக் காத்த கதை’. வாங் ஹான்லுன் விதவையா வர்றாங்க, ஜெங்கோட மகன் ஜெங் ஷியாவ்ச்சியுதான் பேரன். ஷாங்காய்ல கூட்டம் அள்ளுச்சு. சிங்கப்பூர், மலாயா பக்கத்து விநியோகஸ்தர்களும் நல்ல விலை கொடுத்து வாங்கிட்டுப் போனாங்க. கம்பெனியைக் காப்பாத்துனது ஜெங்கோட கதைதான்.

நிழற்பெட்டி:
கதை ஜெங்குடையதுதான், மறுக்கவில்லை. படத்தை இயக்கியது யார்? ஜாங்தானே. ஓடாமல் போன அந்தச் சிரிப்புப் படங்களில் ஒன்றுதான் இன்று முழுசாகக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் கதைப்படம்: ‘தொழிலாளியின் காதல்’. 1922 அக்டோபர் 5-ல் திரையிட்டார்கள். ஓடும் நேரம் 22 நிமிஷம். வசன அட்டைகளில் சீனமும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும், வெளிநாட்டுச் சந்தையிலும் கண் வைத்திருந்ததால்.

கதாநாயகன் தச்சு வேலையை விட்டுப் பழக்கடை போட்டவன். ஜெங் ஜெகு நடித்தார். எதிர்க்கடை வைத்தியர் ஜெங் ஜெங்ச்சியு, அவர் மகள்மேல்தான் இவனுக்குக் காதல். வைத்தியருக்கு நோயாளியே வருவதில்லை. வியாபாரத்தைப் பெருக்கித் தருபவனுக்குத்தான் பெண் என்கிறார்.

முதல் சில நிமிஷங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அவன் பழம் வெட்டுவது ரம்பத்தால். தோல் சீவுவது இழைப்புளியால். அந்தப் பெண்ணுக்குப் பழத்தை அனுப்புவது தச்சர்கள் கோடு போடும் மைக்கயிற்றில் கட்டி. ‘இவன் முன்னாள் தச்சன்’ என்று அட்டையில் படித்துவிட்டு மறக்க விடுவதில்லை, சிரிப்பு ஒவ்வொன்றும் அந்தக் கருவிகளிலிருந்துதான் வருகிறது. பிறகு வைத்தியரின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான், திரை மங்கலாகிறது. அவன் கண் வழியே நாம் பார்க்கிறோம். ஒன்பது வருஷம் முன்பு அசையாத ஒரே தூரக் காட்சியில் படமெடுத்த அதே ஆள்!

கடைசியில் மாடியிலுள்ள சூதாட்ட விடுதியின் படிக்கட்டை நாயகன் மாற்றி அமைக்கிறான். இழுத்தால் படிகளெல்லாம் சாய்ந்து சறுக்குப் பலகை ஆகிவிடும். இறங்கி வருபவர்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்து குவிகிறார்கள். வைத்தியருக்கு வரிசையாக நோயாளிகள். சிகிச்சைக் காட்சி படுவேகமாக ஓடும். எடுக்கும்போது கைப்பிடியை மெதுவாகச் சுற்றியிருக்கிறார்கள். வினாடிக்கு 8 ஃபிரேம் எடுத்து 16-ல் ஓட்டினால் அசைவு இரட்டை வேகமாகும்.

டிரான்சிஸ்டர் தாத்தா:
சிவப்புத் தாமரைக் கோயிலுக்கு வாங்கப்பா, அதில்தான் சமாச்சாரமே இருக்கிறது.

ஒளிக்கற்றை:
வந்துவிட்டேன் ஐயா. தந்திரக் காட்சிதான் என் பிரிவு.

‘சிவப்புத் தாமரைக் கோயில் தீக்கிரை’ முதல் பாகம் 1928 மே மாதம் வந்தது. ஷியாங் கைரான் எழுதிய வீரசாகச நாவல்தான் மூலம். 1931-க்குள் 18 பாகம், மொத்தம் சுமார் 27 மணி நேரம். இரண்டாம் பாகத்திலிருந்து ‘சிவப்பு நங்கை’யாக நடிகை ஹூ டியே. ஒளிப்பதிவும் தந்திரமும் டோங் கேயி. நமக்குக் கெட்ட காலம், படம் அழிந்துவிட்டது. எப்படி எடுத்தார்கள் என்பது அதில் வேலை செய்தவர்களின் நினைவுக் குறிப்புகளாலும், அக்காலத்து வழக்கமான முறைகளாலும் தெரிகிறது.

கோயில் மண்டபம்: முழுசாகக் கட்டினால் கட்டுப்படியாகாது. கீழ்ப்பாதி மட்டும் செட். மேல்பாதியைக் கண்ணாடியில் வரைந்து, கேமராவுக்கு முன்னால் நிறுத்தி இரண்டையும் ஒரே பார்வையில் பொருத்துவார்கள். இதில் கெட்டுப்போக வழி நிறைய. கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கூரை தனியாக மிதக்கும். கண்ணாடி அருகிலும் செட் தூரத்திலும் இருப்பதால், லென்ஸ் துளையைச் சுருக்கினால்தான் இரண்டும் தெளிவாக விழும். துளையைச் சுருக்கினால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். வரைந்த நிழலும் செட்டில் விழும் நிழலும் ஒரே பக்கம் சாயாவிட்டால் குட்டு உடைந்துவிடும். நடிகர் தலை இணைப்புக் கோட்டைத் தாண்டினால் பாதித் தலை கூரைக்குப் பின்னால் மறையும்.

பறக்கும் வாள்: இரட்டைப் பதிவு. முதலில் நடிகர்களை எடுக்க வேண்டும். கைப்பிடியை எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்று எண்ண வேண்டும், ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம். லென்ஸை மூடிக்கொண்டு அத்தனை சுற்றும் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். பிறகு கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக வரைந்த வாளையோ மின்னலையோ ஒவ்வொரு ஃபிரேமாக அதே ஃபிலிமில் பதிக்க வேண்டும். ஒரே ஒரு சுற்று எண்ணிக்கை தப்பினால் வாள் அரை வினாடி பிந்தும், எதிரி அடிபடுவதற்கு முன்பே விழுவான். நடிகர்களுக்குப் பின்னால் இருட்டான பின்னணியும் வேண்டும். வெளிறிய சுவர்மேல் வெள்ளை வாள் தெரியாது.

ஆள் பறப்பது: இடுப்பில் பட்டை, அதில் கம்பி, மேலே கப்பி. கம்பி பளபளத்தால் மானம் போய்விடும் என்பதால் கறுப்பு பூசுவார்கள், விளக்கை அதன்மேல் நேராக விழவிட மாட்டார்கள். ஆடை படபடக்க மின்விசிறி.

பாகம் பாகமாக எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். செட், உடை, தந்திர ஏற்பாடு எல்லாவற்றுக்கும் செலவு முதல் பாகத்திலேயே ஆகிவிட்டது. மூன்றாவதிலிருந்து ஏறக்குறைய லாபம்தான்.

கொட்டகைக்காரன்:
அதைத்தான் வியாபாரம்னு சொல்றேன் :)

கொட்டகைல நடந்ததை எழுத்தாளர் மாவ் துன் எழுதியிருக்காரு. சண்டை வந்தா ஜனங்க நிஜச் சண்டை மாதிரி கத்துவாங்க, சிவப்பு நங்கை பறந்து வந்து இறங்குனா கைதட்டல் கூரையைப் பிச்சுக்கும். இதைப் பாத்துட்டு மத்தக் கம்பெனிங்களும் ‘தீக்கிரை’னு பேரு வெச்சு எத எதையோ எரிச்சாங்க. கடைசியில 1931ல அரசாங்கத் தணிக்கைக் குழு, மூடநம்பிக்கையை வளர்க்குதுன்னு தடை போட்டுச்சு. 18 பாகம் எடுத்தும் கதை முடியலை, சட்டம்தான் முடிச்சு வெச்சுது.

மலர்விழி_கே:
ஷா பிரதர்ஸுக்கும் மிங்ஷிங்குக்கும் சண்டை என்று எங்கோ படித்தேன். அது இந்தக் காலம்தானா?

பழையரீல்:
அதே காலம்தான். ஷா சகோதரர்களில் மூத்தவரான ஷாவ் ஸுய்வெங் 1925-ல் ஷாங்காயில் டியான்யி கம்பெனியைத் தொடங்கி, புராணக் கதைகளைக் குறைந்த செலவில் வேகமாக எடுத்துத் தள்ளினார். மிங்ஷிங் பொறுக்குமா? ஜோ ஜியான்யுன் தலைமையில் வேறு சில கம்பெனிகளைச் சேர்த்து லியுஹே என்ற விநியோகக் கூட்டணி அமைத்தார்கள். எங்களோடு ஒப்பந்தம் போட்டால் டியான்யி படம் வாங்கக்கூடாது என்பது நிபந்தனை. டியான்யி சாகவில்லை, தென்கிழக்காசியச் சந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தம்பிகள் சிங்கப்பூரில் காலூன்றி, பிற்பாடு மலாய்ப் படங்கள் தயாரித்தபோது இந்தியாவிலிருந்து இயக்குநர்களை வரவழைத்தார்கள். மதராஸில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950-ல் மலாய் நடிகர் பி. ராம்லியை வைத்து ‘பக்தி’ எடுத்தது அந்த ஷா கம்பெனிக்குத்தான். நம் வாசகர்களுக்காக ஒரு கொசுறு.

ஒளிக்கற்றை:
பேசும்படத்துக்கு வருவோம். ‘பாடகி சிவப்புப் பியோனி’ 1931 மார்ச் 15. இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’ பம்பாயில் மார்ச் 14. ஒரே நாள் வித்தியாசம்! ஆனால் முறை வேறு. ‘ஆலம் ஆரா’வில் ஒலி ஃபிலிமிலேயே இருந்தது. மிங்ஷிங் எடுத்தது இசைத்தட்டு முறை, அதாவது படம் ஃபிலிமில், ஒலி தனித் தட்டில். பதிவுக்கு ஷாங்காயின் பாதே இசைத்தட்டுக் கம்பெனி உதவியது.

கதை, வசனம் ஹோங் ஷென். மேடைப் பாடகி, அவளை வாட்டும் ஊதாரிப் புருஷன். பாடகியை நாயகி ஆக்கியதால் பீக்கிங் ஓபரா பாட்டுகளை நுழைக்க வழி கிடைத்தது. தட்டு முறைக்கு அதுவே தோதும்கூட.

இம்முறையில் நடக்கும் வில்லங்கங்கள்:

ஒலியை மெழுகுத் தட்டில் பதியும்போது வெட்டி ஒட்ட முடியாது. பத்தாவது நிமிஷத்தில் ஒருவர் தும்மினால் புது மெழுகுத் தட்டு, முதலிலிருந்து பதிவு. மௌனப்படத்தில் நடித்துப் பழகிய நடிகர்களுக்கு நீள வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கொட்டகையில் ஃபிலிமின் தொடக்கக் குறியை புரொஜக்டர் வாசலில் நிறுத்தி, ஊசியைத் தட்டின் தொடக்கக் குறியில் வைத்து, இரண்டையும் ஒன்றாகக் கிளப்ப வேண்டும். ஊசி ஒரு பள்ளம் தாவினால் ரீல் முடியும்வரை வாய் ஒன்று பேசும், குரல் வேறு வரும். ஆண் வாயசைக்கப் பெண் குரல் கேட்ட கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம்.

எல்லாவற்றிலும் மோசம், ஃபிலிம் அறுந்துபோவது. மௌனப்படத்தில் நாலு ஃபிரேமை வெட்டி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. இங்கே எத்தனை ஃபிரேம் போனதோ அத்தனை கறுப்பு ஃபிரேமைச் சேர்த்தே ஒட்ட வேண்டும். 24 ஃபிரேம் போனால் ஒலி ஒரு வினாடி பிந்தும். வெளியூர் ஆபரேட்டர் யாரும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

நிழற்பெட்டி:
அதனால்தான் உடனே ஃபிலிம்-ஒலிக்குத் தாவினார்கள். ஹோங் ஷென் அமெரிக்கா போய்க் கருவி வாங்கி வந்தார். ஜாங் ஒரு படை ஆட்களோடு பெய்பிங் (இன்றைய பெய்ஜிங்) போய், ஜாங் ஹென்ஷுய் நாவலான ‘கண்ணீரும் சிரிப்பும்’ கதையை எடுத்தார். கதை உரிமைபற்றி எதிர்க் கம்பெனி டாஹுவா வழக்குப் போட, ஷாங்காயின் பெரிய தாதா டு யூஷெங் தலையிட்டுத்தான் தீர்ந்தது. அது போதாதென்று 1932 ஜனவரி 28-ல் ஜப்பானியர் ஷாங்காயைத் தாக்கினார்கள். கொட்டகைகள் மூடல், ஊரில் தேசப்பற்றுச் சூடு. காதல் கதையைச் சீந்துவார் இல்லை. ஆறு பாகத்துக்குப் போட்ட பணம் கடனாக நின்றது.

இங்கேதான் ஜாங்கின் குணம் தெரியும். கடனில் இருந்தவர், கம்யூனிஸ்ட் எழுத்தாளர்களை ஆலோசகர்களாக உள்ளே விட்டார். ஷியா யான், சியான் ஷிங்சுன், ஜெங் போச்சி மூவரும் புனைபெயரில் வந்தார்கள். ஷியா யானுக்கு ஹுவாங் ஸிபு என்று பெயர். ஜாங்குக்கு மார்க்சியத்தில் பற்றா என்றால் இல்லை. ஜனங்கள் கேட்பது மாறிவிட்டது, அதை எழுதத் தெரிந்தவர்கள் இவர்கள். ஆபத்தை அறிந்தே செய்தார்.

டிரான்சிஸ்டர் தாத்தா:
இருந்தும் அந்தக் கட்டத்தின் பெரிய வெற்றி இடதுசாரிப் படம் இல்லை, ஜெங்கின் ‘சகோதரிகள்’ (1934). ஹூ டியே இரட்டை வேஷம், ஷாங்காயில் 60 நாளுக்கு மேல் ஓட்டம். அடுத்த வருஷம் ஜூலையில் ஜெங் காலமானார். மிங்ஷிங்கின் முதுகெலும்பு அன்றே முறிந்தது.

கொட்டகைக்காரன்:
ஜெங் இல்லாத ஜாங் யாருன்னு 1937க்குப் பிறகு தெரிஞ்சுடுச்சு. போர்ல ஸ்டூடியோ போச்சு. குவோஹுவா கம்பெனியில சேந்து பாடகி-நடிகை ஜோ ஷுவானை வெச்சுப் பழங்கதைப் பாட்டுப் படமா எடுத்தாரு. 1940ல ‘மூன்று சிரிப்பு’க்கு எதிர்க் கம்பெனியோட போட்டி, ரெண்டு பக்கமும் அவசர அவசரமா எடுத்து ஊத்துனாங்க. அப்புறம் ஜப்பான்காரங்க கட்டுப்பாட்டுக் கம்பெனியில பொறுப்பு. போர் முடிஞ்சதும் தேசத்துரோகப் பட்டம்.

நிழற்பெட்டி:
கடைசிப் பகுதிக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஜப்பானியர் நடத்திய கம்பெனியில் பதவி வகித்தது பதவி வகித்ததுதான். ஆனால் ‘ஜெங் இல்லாத ஜாங்’ என்பதற்கு அதை மட்டும் அளவாக வைப்பது நியாயமில்லை. ஜெங் போன பிறகு, 1937 தொடக்கத்தில் வந்த ‘புத்தாண்டுக் காசு’ பாருங்கள். எழுதியது ஷியா யான், பெயர் போட்டது ஹோங் ஷென். சிறுமிக்குக் கொடுத்த ஒரு வெள்ளி நாணயம் கைமாறிக் கைமாறி ஊர் முழுக்கச் சுற்றுகிறது. வீடு, கடை, நடன அரங்கு, திருடன் என்று ஒவ்வொரு கையிலும் ஒரு குட்டிக் கதை. 1935-ல் அரசாங்கம் வெள்ளியை விலக்கிக் காகிதப் பணம் கொண்டுவந்ததும் கதைக்குள் வருகிறது. இத்தனை சின்னக் கதைகளையும் நூல் அறாமல் கோத்தது இயக்குநரின் கை. சிறுமி ஹூ ரோங்ரோங்கின் ‘டேப்’ நடனமும் (காலணியால் தரையைத் தட்டி ஆடுவது) உண்டு. கூட்டத்துக்கு என்ன பிடிக்கும் என்பதையும் மறக்கவில்லை.

மலர்விழி_கே:
இரண்டு படமும் நெட்டில் கிடைக்குமா? ‘தொழிலாளியின் காதல்’ ஒரு பிரதி பார்த்தேன், எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுகிறார்கள்.

ஒளிக்கற்றை:
இரண்டும் கிடைக்கும். நீங்கள் பார்த்தது வினாடிக்கு 16 ஃபிரேமில் எடுத்ததை அப்படியே 24-ல் ஓட்டிய பிரதியாக இருக்கும், ஒன்றரை மடங்கு வேகம். பிளேயரில் வேகத்தை 0.7-க்குக் குறைத்துப் பாருங்கள், நடை இயல்பாகிவிடும். ஓடும் நேரம் 22 நிமிஷம் காட்டும் பிரதி என்றால் குறைக்க வேண்டாம், 15 நிமிஷத்தில் முடிவதற்கு மட்டும். ஒன்று கவனியுங்கள்: சரியான வேகத்திலும் அந்தச் சிகிச்சைக் காட்சி பரபரவென்றுதான் ஓடும். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள், அது ஜாங் வேண்டுமென்றே எடுத்த வேகம்.